நள்ளிரவில் நாய் ஈனும்போது எதுவரை காத்திருக்கலாம், எப்போது கிளம்ப வேண்டும்?

கேள்வி: ஒரே ஈற்றில் பிறந்த பக் இனப் பெட்டை நாய்கள் இரண்டை வளர்க்கிறோம். அவற்றுள் ஒன்று கடந்த மாதம் முதன்முறையாகக் குட்டி போட்டது. இரவு 11 மணிக்கு முதல் குட்டியும், அரை மணி நேரத்தில் இரண்டாவதும் பிறந்தன. அதன் பிறகு விடாமல் முக்கிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பின்னங்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "கை வைக்காதே, தானாக ஈன்றுவிடும்" என்றார் என் மாமியார். மருத்துவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மாடு வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்து ஊசி போடச் செய்தார். இரண்டரை மணிக்கு அந்தக் குட்டி இறந்தே பிறந்தது. காலையில் அறுவை செய்து நான்காவது குட்டியை உயிரோடு எடுத்தார்கள். இப்போது இன்னொரு பெட்டைக்கு 45 நாள் சினை. நாங்கள் எங்கே தவறினோம்? மறுபடி இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இறந்துபோன குட்டியை நினைத்து நீங்கள் வருந்துவது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. எனவே முதலில் உங்கள் மனத்தை அரிக்கும் கேள்விக்கே வருகிறேன். பின்னங்கால்கள் முதலில் வந்தது ஒரு கோளாறு அன்று. நாய்க்குட்டிகளில் ஏறக்குறைய பத்தில் நான்கு பின்னங்கால்கள் முன்னால் வரப் பிறப்பவைதாம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நலமாகவே பிறக்கின்றன. கால்கள் வயிற்றோடு மடங்கிக்கொள்ள, பிட்டமும் வாலும் மட்டும் முன்னால் வரும் நிலைதான் சிக்கலானது. உங்கள் நாய்க்கு நேர்ந்தது நேர இழப்பு. கால்கள் தெரிவதற்கு முன்பே ஒரு மணி நேரம் அது வீணாக முக்கியிருக்கிறது. கால்கள் வெளியே வந்து உடல் உள்ளே நின்றுவிட்டால், தாயின் இடுப்பெலும்புக்கும் குட்டியின் உடலுக்கும் இடையே தொப்புள்கொடி நசுங்குகிறது. அதன் பிறகு குட்டிக்கு மிஞ்சியிருப்பவை சில நிமிடங்களே.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்து வளர்ந்த நாய்கள் வேறு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீண்ட முகமுள்ள நம் நாட்டு நாய்களும், தெருவில் திரியும் நாய்களும் பெரும்பாலும் மனிதர் துணையின்றி ஒரு மூலையில் ஒதுங்கி ஈன்றுவிடுகின்றன. அவற்றின் அருகில் போய்த் தொல்லை கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது அனுபவத்தில் விளைந்த அறிவு. ஆனால் பக் நாய் மனிதர் தம் விருப்பத்துக்காகத் தட்டையாக்கிய முகமும் பெரிய தலையும் கொண்ட இனம். தலையின் அளவுக்கு ஏற்ற அகலம் அதன் இடுப்பில் இல்லை. மூச்சுக்குழாய் குறுகியிருப்பதால் நெடுநேரம் முக்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு. இதே வகையைச் சேர்ந்த புல்டாக், பிரெஞ்சு புல்டாக் இனங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலான ஈற்றுகள் சிசேரியன் மூலமே நடந்தன என்று பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. இத்தகைய இனத்தை வளர்ப்பவர்கள் "தானாக ஈன்றுவிடும்" என்று நம்பியிருக்க முடியாது.

அந்த ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை; இத்தகைய வேளைகளில் வெளியாட்கள் போடுவது பெரும்பாலும் ஆக்சிடோசின்தான். கருப்பையை இறுக்கிச் சுருங்கச் செய்யும் ஹார்மோன் அது. வழி திறந்திருந்து, கருப்பை களைத்துச் சுருங்காமல் இருக்கும்போது, குட்டி எங்கே எப்படி இருக்கிறது என்று சோதித்த மருத்துவர் மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அது நல்ல மருந்து. வழியில் ஒரு குட்டி சிக்கியிருக்கும்போது கொடுத்தாலோ, கருப்பை மூடிய கதவின்மீது மோதுவது போல் அக்குட்டியின்மீது இறுகுகிறது. நஞ்சு, அதாவது குட்டியைக் கருப்பையோடு இணைக்கும் நஞ்சுக்கொடி, முன்கூட்டியே பிரிந்து உள்ளே இருக்கும் மற்றக் குட்டிகளுக்கும் உயிர்க்காற்று நின்றுபோகிறது. சில வேளைகளில் கருப்பையே கிழிந்து தாயும் இறந்துவிடுகிறது. மாட்டுக்குப் பழகிய கைக்கு ஏழெட்டுக் கிலோ எடையுள்ள நாய்க்குரிய அளவு பிடிபடுவதும் கடினம். உங்கள் தாய்நாயும் நான்காவது குட்டியும் பிழைத்தது பெரும்பேறு. இனி யார் வந்தாலும், எவ்வளவு அன்போடு சொன்னாலும், மருத்துவர் கையால் சோதிக்காமல் ஈற்றின் இடையே எந்த ஊசியும் போட விடாதீர்கள்.

எதுவரை காத்திருக்கலாம் என்பதைக் கடிகாரம்தான் சொல்லும். ஈற்றின் முதல் கட்டத்தில் நாய் மூச்சிரைக்கும், நடுங்கும், துணியைப் பிறாண்டும், உணவை மறுக்கும், சில வேளை வாந்தியும் எடுக்கும்; 6 முதல் 12 மணி நேரம், முதல் ஈற்றில் சற்றுக் கூடுதலாகவும், இது நீளலாம். அந்தக் கட்டத்தில் அமைதியும் அரையிருட்டும் தண்ணீரும் போதும். வயிறு இறுகி, தெளிவாக முக்கத் தொடங்கிய நொடியில் நேரத்தை ஒரு தாளில் குறியுங்கள். விடாமல் வலுவாக முக்கியும் 30 நிமிடத்தில் குட்டி வரவில்லை என்றால் கிளம்பிவிட வேண்டும். நீர்ப்பையோ குட்டியின் ஓர் உறுப்போ வெளியே தெரிந்தும் 10 நிமிடத்தில் குட்டி வெளிவரவில்லை என்றாலும் அப்படியே. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே தாய் முக்காமல் படுத்து, பிறந்ததை நக்கிப் பாலூட்டிக்கொண்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அது ஓய்வு. ஆனால் உள்ளே இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும் அந்த ஓய்வு 2 மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் பேசியாக வேண்டும்.

நிறத்தையும் கவனியுங்கள். கரும்பச்சை நீர் நஞ்சு பிரியும்போது வருவது. முதல் குட்டி பிறந்த பிறகு அது வருவது இயல்பு. ஒரு குட்டிகூடப் பிறக்காத நிலையில் வந்தால், உள்ளே ஒரு குட்டியின் நஞ்சு பிரிந்துவிட்டது என்று பொருள், அப்போது முக்கலுக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது. சிவந்த புது இரத்தம் நில்லாமல் வடிவது, துர்நாற்றம், தாய் துவண்டு விழுவது ஆகியவையும் உடனே கிளம்புவதற்கான அறிகுறிகளே.

சரி, கால்கள் வெளியே தெரிகின்றன, மருத்துவமனையோ தொலைவில் இருக்கிறது. அப்போது கை வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஒருவர் வண்டியை எடுக்கட்டும், மற்றவர் இதைச் செய்யட்டும். கையைச் சோப்பிட்டுக் கழுவி, கையுறை இருந்தால் அணிந்து, மருந்துக்கடையில் கிடைக்கும் மசகு ஜெல்லைக் குட்டியைச் சுற்றித் தாராளமாகத் தடவுங்கள். சுத்தமான துணியால் குட்டியை, பாதத்தையோ ஒற்றைக் காலையோ அன்றி, எட்டும் வரை மேலே, அதன் இடுப்பெலும்பை ஒட்டிப் பிடியுங்கள். தாய் முக்கும்போது மட்டும் இழுங்கள். அது நிறுத்தும்போது பிடியை விடாமல் காத்திருங்கள். நேர் பின்னோக்கி இழுக்கக் கூடாது. நாய் நின்றிருப்பதாகக் கொண்டால் அதன் பின்னங்கால் குதிகளை நோக்கி, கீழ்ப்புறமாகச் சாய்த்து இழுக்க வேண்டும். பிறப்புவழி அப்படித்தான் வளைந்திருக்கிறது. இலேசாக இடமும் வலமும் திருப்பினால் தோள்கள் விடுபடலாம். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் வலுவைக் கூட்டாதீர்கள், வண்டியில் ஏறுங்கள். பிறந்த குட்டிகளைத் தாயின் காலடியில் விடாமல் தனிப் பெட்டியில், துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடு எடுத்துச் செல்லுங்கள்.

அசைவின்றிப் பிறக்கும் குட்டியெல்லாம் இறந்த குட்டி இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனென்றால் காப்பாற்றியிருக்கக்கூடிய குட்டிகள் ஓரமாக வைக்கப்பட்டே இறக்கின்றன. தாய் உடனே செய்யாவிட்டால், மூக்கின் மேலுள்ள சவ்வை முதலில் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, தலை சற்றுத் தாழ இருக்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த துவாலையால் முதுகையும் மார்பையும் அழுத்தித் தேயுங்கள். முன்னங்காலின் பின்னே மார்பில் விரல் வைத்தால் இதயத் துடிப்பை உணரலாம். துடிப்பு இருக்கும் வரை, 20 நிமிடமானாலும், விடாமல் தேய்க்க வேண்டும். குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசி ஆட்டும் பழைய வழக்கம் வேண்டாம். அதனால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும். தாய் தொப்புள்கொடியைக் கடிக்கவில்லை என்றால், வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, கொதிக்க வைத்த நூலால் இறுகக் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, நுனியில் பொவிடோன் அயோடின் தடவுங்கள். ஒரு குட்டிக்கு ஒரு நஞ்சு வந்ததா என்று எண்ணிக் குறித்துவையுங்கள்.

அடுத்தது சூடு. நம் ஊர் வெயிலில் குட்டிக்குக் குளிரா என்று தோன்றும். ஈரத்தோடு பிறந்து, மின்விசிறியின் கீழ் கிடக்கும் குட்டி கோடையிலும் குளிர்ந்துவிடும்; தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் முதல் இரு வாரங்களில் அதற்கு இல்லை. முதல் வாரத்தில் பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் இருக்கட்டும். வெப்பவிளக்கைப் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வையுங்கள், மிகுந்தால் குட்டிகள் நகர்ந்துகொள்ளும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டவே கூடாது, குடல் இயங்காத நிலையில் பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் மெல்லச் சூடேற்றி, பிறகே தாயிடம் விட வேண்டும். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களை முதல் 24 மணி நேரத்துக்குள்தான் குட்டியின் குடல் உறிஞ்சும். தாயால் பாலூட்ட முடியாதபோது வெறும் பசும்பால் போதாது, நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் அதைவிட இருமடங்குக்கு மேல் உண்டு. குட்டிகளுக்கென விற்கும் பால்மாவை முன்பே வாங்கி வையுங்கள்.

இனி, 45 நாள் சினையாக இருக்கும் பெட்டைக்கு வருகிறேன். உங்களிடம் இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது, இது போதுமான காலம். 55ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டிகள் என்று எண்ணிவிடலாம். தலைகளின் அளவையும் தாயின் இடுப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு குட்டி இருந்தால் அது பெரிதாக வளர்வதோடு, ஈற்றைத் தொடங்கி வைக்கும் ஹார்மோன் தூண்டலும் போதாமல் போவதுண்டு. ஸ்கேனில் குட்டிகளின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 200க்கு மேல் இருக்க வேண்டும். 180க்குக் கீழே இறங்கினால் குட்டி தவிக்கிறது என்று பொருள். உடன்பிறந்த பெட்டைக்கு நேர்ந்ததை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, நாள் குறித்துச் சிசேரியன் செய்வது நல்லதா என்று கேளுங்கள். பக் நாய்க்கு அப்படி முடிவெடுப்பது தாய்மைக்கு எதிரானதோ, பணம் பறிக்கும் வேலையோ இல்லை. நள்ளிரவில் களைத்துப்போன நாய்க்கு மயக்கமருந்து கொடுப்பதைவிட, பகலில் தெம்பான நாய்க்குக் கொடுப்பது எத்தனையோ மடங்கு பாதுகாப்பானது.

இணை சேர்ந்த நாளிலிருந்து சராசரி 63 நாளில் ஈற்று நிகழும். 57 முதல் 72 வரை மாறலாம் என்பதால், 56ஆம் நாள் தொடங்கிக் காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 101 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும் வெப்பம் 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈற்று தொடங்கும். இறங்கிய பிறகும் ஒரு முழு நாள் ஒன்றும் நிகழாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தொலைபேசி எடுக்கப்படாத இரவு மறுபடியும் வரலாம். அதற்காக இப்போதே இரண்டு மருத்துவர்களிடமாவது நேரில் சென்று, நாள்கணக்கைச் சொல்லி, இரவில் அழைத்தால் வருவார்களா, அறுவை செய்யும் வசதி உண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் மாவட்டத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனையில் இரவுப் பிரசவத்தைப் பார்ப்பார்களா என்பதை ஒரு பகல் வேளையில் விசாரித்துவிடுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண் முதன்மையாகக் கால்நடைகளுக்கு என ஏற்பட்டது, அது எந்நேரம் கிடைக்கும் என்பதையும் அழைத்துக் கேளுங்கள். வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவரிடம் நாயை ஏற்றுவாரா என்று சொல்லி வைப்பதும் இதில் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. சினைக்காலத்தில் சத்துக்காக என்று கால்சியம் டானிக் ஊற்றுவது நம்மிடையே பரவலாக இருக்கிறது. வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துப் பயன்படுத்தும் உடலின் பழக்கம் மந்தமாகிவிடுகிறது. குட்டிகள் பால் குடிக்கும்போது இரத்தத்தில் கால்சியம் சட்டென்று சரிகிறது. ஈன்ற முதல் நான்கு வாரங்களில், குறிப்பாகச் சிறிய இன நாய்களில், தாய் அமைதியின்றி மூச்சிரைத்து, விறைத்து நடந்து, தசைகள் துடித்து, வலிப்பு வரை போவது இதனால்தான். அப்படிக் கண்டால் குட்டிகளை உடனே பிரித்து, தாயைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நரம்பு வழியே இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் விரைவிலேயே தெளிந்துவிடும். வீட்டில் டானிக் ஊற்றிக் காத்திருந்தால் உயிர் போய்விடும்.

அறுவை செய்துகொண்ட முதல் பெட்டையை அடுத்த பருவத்தில் இணை சேர்க்காதீர்கள். குட்டிகள் பால் மறந்து, மடி வற்றிய பிறகு கருத்தடை அறுவை செய்துவிடலாமா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள். என் கருத்தில் செய்துவிடுவதே நல்லது. அதுவரை தையல் போட்ட இடம் சிவந்து வீங்குகிறதா, காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டுகிறதா, முலைகளில் எதுவும் கட்டியாகச் சூடேறியிருக்கிறதா என்று நாள்தோறும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.