கிரம்பிள் நமத்துப்போகாமல் இருக்க...

போன இதழில் ஆப்பிள் கிரம்பிள் செய்முறை கொடுத்திருந்தோம். அதற்கு வந்த கடிதங்கள் மற்ற கேள்விகளையெல்லாம் ஓரம்கட்டிவிட்டதால், இந்த இதழ் முழுக்க அதற்கே. செய்முறையைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு கிலோ ஆப்பிளைத் தோல் சீவி, விதைப்பகுதியை நீக்கி, ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, 50 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோர், அரை மூடி எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் பட்டைத்தூள் சேர்த்துக் கலந்து பேக்கிங் பாத்திரத்தில் போடவேண்டும். 100 கிராம் மைதா, 100 கிராம் ஓட்ஸ், 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 80 கிராம் நாட்டுச்சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இவற்றை உதிரியாகப் பிசிறி மேலே தூவி, 180 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் பேக் செய்தால் முடிந்தது.

மேடம், நீங்கள் சொன்ன அளவிலேயே ஓடிஜி ஓவனில் செய்தேன். அரை மணி நேரத்தில் மேலே பொன்னிறமாகிவிட்டது, எடுத்துவிட்டேன். ஆனால் தட்டில் போடும்போது ஓட்ஸ் எல்லாம் கஞ்சி மாதிரி குழைந்திருந்தது, அடியில் ஆப்பிள் தண்ணீரில் மிதந்தது. ஓட்ஸ், காலையில் கஞ்சி போட வாங்கி வைத்திருந்த இன்ஸ்டன்ட் ஓட்ஸ்தான். என்ன தவறு?
(வாசகி, கோவை)

இரண்டு காரணம், இரண்டையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். முதலாவது அந்த இன்ஸ்டன்ட் ஓட்ஸ். முன்னமே வேகவைத்து, மெல்லிசாக நசுக்கி, பொடியாக்கி வருகிற சரக்கு அது; வெந்நீர் பட்டதும் சட்டென்று உறிஞ்சிக் குழையவேண்டும் என்றுதான் அதை அப்படித் தயாரிக்கிறார்கள். பழத்திலிருந்து ஆவி கிளம்பினால் அதையும் அப்படியே உறிஞ்சும். பாக்கெட்டில் ரோல்டு ஓட்ஸ் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். தட்டையாக, வட்டமாக, ஒவ்வொரு அவலும் முழுசாகத் தெரியும். அதற்காக ஸ்டீல் கட் ஓட்ஸ் பக்கம் போய்விடாதீர்கள், அது நொய் போல உடைத்தது, 45 நிமிடத்தில் வேகாமல் பல்லில் கடிபடும்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. மேலே நிறம் வந்துவிட்டதே என்று எடுத்துவிடுகிறோம். ஓடிஜியில் மேல் கம்பி கிட்டத்தில் இருக்கிறது, தூவிய மாவில் சர்க்கரையும் வெண்ணெயும் இருக்கிறது, அதனால் நிறம் சீக்கிரமே வந்துவிடும். அந்த நேரத்தில் அடியில் இருக்கிற பழம் அப்போதுதான் தண்ணீர் விட ஆரம்பித்திருக்கும். கார்ன்ஃப்ளோர் கெட்டியாகவேண்டுமென்றால் அந்தச் சாறு ஏறக்குறைய கொதிநிலைக்கே வரவேண்டும், வெதுவெதுப்பில் அது ஒன்றும் செய்யாது. ஆகவே நிறத்தை விடுங்கள், பாத்திரத்தின் ஓரத்தைப் பாருங்கள். முதலில் ஓரத்தில் தண்ணீராக, சின்னச் சின்னக் குமிழிகள் வேகவேகமாக வரும். அது போதாது. இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் போனால் குமிழிகள் பெரிதாகி, எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொன்றும் மெதுவாக உப்பி பொளக்கென்று உடையும். உடைந்த இடத்தில் கண்ணாடிப் பாத்திரத்தின் விளிம்பில் பாகு பிசுபிசுவென்று ஒட்டி நிற்கும். நடுவிலும் ஒன்றிரண்டு இடத்தில் அப்படிக் கொதித்து மேலே எட்டிப் பார்க்கவேண்டும். அப்போது எடுங்கள். அதற்குள் மேலே கருகிவிடும் என்று தோன்றினால் அலுமினியத் தாளை மேலாக, தளர்வாக வையுங்கள். ஓரங்களை மடக்கி மூடினால் ஆவி வெளியேற வழியில்லாமல் பழைய கதைதான்.

அப்புறம், தட்டை நடு அடுக்கில் வையுங்கள், இரண்டு கம்பியும் எரியட்டும். தூவிய மாவைக் கையால் அழுத்தவேண்டாம், இடைவெளி இருந்தால்தான் ஆவி போகும். எடுத்த உடனே பரிமாறாமல் 15 நிமிடமாவது விடுங்கள், சூடு கொஞ்சம் இறங்கும்போதுதான் சாறு இறுகுகிறது.

குளிர்ந்த வெண்ணெய் என்று எழுதுகிறீர்கள். சென்னை மே மாத வெயிலில் வெண்ணெயைக் கையில் எடுத்தாலே உருகுகிறது. பிசிறினால் உதிரியாக வராமல் சப்பாத்தி மாவாகத் திரண்டுவிடுகிறது.
(வாசகி, சென்னை)

வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும், சென்னைச் சமையலறை அதைவிடச் சூடு, எனவே உங்கள் கைமேல் குற்றமில்லை. மைதா, ஓட்ஸ், சர்க்கரை எல்லாவற்றையும் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, வெண்ணெயை ஃப்ரீசரில் இறுக வைத்து கேரட் துருவியில் துருவிப் போடுங்கள். விரல் நுனியால் மட்டும் பிசிறுங்கள், உள்ளங்கை படவேண்டாம். அதுவும் சரிவரவில்லையென்றால் வெயில் காலத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுவே பிடித்தமானது: வெண்ணெயை முழுசாக உருக்கி, ஆறவைத்து, மாவில் ஊற்றி ஒரு கரண்டியால் கிளறுங்கள். ஈர மணல் பதத்தில் வரும். ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைத்தால் கட்டியாகிவிடும். அதை விரலால் உடைத்து, சில துண்டு கொண்டைக்கடலை அளவு, சில துண்டு அதில் பாதி என்று தூவுங்கள். பெரிய துண்டுகள் மொறுமொறுப்பாகவும் சின்னவை நன்றாகச் சிவந்தும் வரும், இரண்டும் கலந்திருப்பதுதான் ருசி.

நெய் போடலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. வெண்ணெயில் கிட்டத்தட்ட 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யில் ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு. அதனால் 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய் போதும்.

அக்கா, நாங்கள் லண்டனில் இருக்கிறோம். கடையில் குக்கிங் ஆப்பிள் என்று இருந்த பெரிய பச்சை ஆப்பிளை வாங்கி, கறுவாத்தூளும் (பட்டைத்தூள்) போட்டுச் செய்தேன். துண்டு ஒன்றுகூட மிஞ்சாமல் எல்லாம் கூழாகிவிட்டது, புளிப்பும் தாங்கவில்லை. பிள்ளைகள் தொடவில்லை. ஆப்பிள் பழுதானதோ?
(வாசகி, ஹாரோ)

பழுதில்லை, அது பிராம்லி ஆப்பிள். அதன் குணமே அப்படித்தான். அமிலம் அதிகம், வெந்ததும் சதை உடைந்து பஞ்சாகப் பொங்கும். இங்கிலாந்துக்காரர்கள் அதற்காகவே அதைத் தேடி வாங்குகிறார்கள். மொறுமொறுப்பான மேல்பகுதிக்கு அடியில் புளிப்பான, மிருதுவான பழக்கூழ் இருப்பதுதான் அவர்களுக்குக் கிரம்பிள். நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி 1809-ல் ஊன்றிய விதையிலிருந்து வந்த மரம் அது. பிறகு அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரரிடம், ஹென்றி மெர்ரிவெதர் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் ஒட்டுக்குக் கிளை கேட்டபோது, என் பெயரை வைத்தால் தருகிறேன் என்றாராம். விதை போட்ட பிள்ளையின் பெயர் பழத்துக்கு வரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

உங்கள் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாக வேண்டுமென்றால் பாதி பிராம்லி, பாதி பிரேபர்ன் அல்லது காக்ஸ் எடுங்கள். பிராம்லி குழைந்து சாறாகிவிடும், மற்றது துண்டாக நிற்கும். முழுக்க பிராம்லியிலேயே செய்தால் சர்க்கரையை 100 கிராமுக்கு ஏற்றுங்கள், எலுமிச்சை தேவையே இல்லை.

எங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கிற சிவப்பு ஆப்பிளில் செய்யலாமா? வேறு என்ன பழம் சரிவரும்? தர்பூசணி, பப்பாளி ஆகுமா?
(வாசகர், திருநெல்வேலி)

செய்யலாம். நம் கடைகளில் இருக்கிற சிவப்பு ஆப்பிளில் பெரும்பகுதி டெலிஷியஸ் வகை, காஷ்மீரிலிருந்தும் இமாச்சலத்திலிருந்தும் வருவது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-ல் இமாச்சலத்தின் கோட்கரில் நட்டு வளர்த்துப் பரப்பிய ஆப்பிள் குடும்பம்தான் இது. அப்படியே சாப்பிட நல்ல இனிப்பு, ஆனால் புளிப்பு குறைவு, அதனால் பேக் செய்தால் சப்பென்று இருக்கும். சர்க்கரையை 30 கிராமாகக் குறைத்து, ஒரு முழு எலுமிச்சையைப் பிழிந்துவிடுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புதுசாக வருவது நன்றாக நிற்கும். குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்து வருவது மாவாக உதிரும், கையில் அழுத்தினால் தெரிந்துவிடும். பச்சையாக இருக்கிற கிரானி ஸ்மித் கிடைத்தால் பாதிக்குப் பாதி சேருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் ஊட்டி, கொடைக்கானல் பிளம்ஸ் சந்தைக்கு வரும்போது ஆப்பிளைத் தேடவே வேண்டாம். புளிப்பும் இனிப்பும் அந்தப் பழத்திலேயே இருக்கிறது, தோல் சீவத் தேவையில்லை, வெந்ததும் கருஞ்சிவப்பாகச் சாறு ஓரத்தில் வழியும்போது பார்க்கவே ஆசையாக இருக்கும். சாறு அதிகம் என்பதால் கார்ன்ஃப்ளோர் இரண்டு மேசைக்கரண்டி. மலைப் பேரிக்காயும் நன்றாக வரும், அதற்குப் பட்டையைவிடச் சுக்குப்பொடி பொருத்தம். மாம்பழமென்றால் கொஞ்சம் கெட்டியான பங்கனப்பள்ளி. நார் மாம்பழம் வேண்டாம். தர்பூசணி, பப்பாளி கேட்டிருந்தீர்கள். அவை இதற்கு ஆகாது.

ஓவன் இல்லை. குக்கரில் உப்பு பரப்பி கேக் செய்வதுபோல இதையும் செய்ய முடியுமா?
(கல்லூரி மாணவி, மதுரை)

கேக் வரும், இது வராதும்மா. மூடிய பாத்திரத்தில் ஆவி மேலே போய் மூடியில் பட்டு மறுபடி மாவு மேலேயே சொட்டும். இரண்டையும் தனித்தனியாகச் செய்து கடைசியில் சேருங்கள். ஆப்பிளைக் கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, எலுமிச்சையோடு வாணலியில் வதக்கி, கரைத்த கார்ன்ஃப்ளோர் விட்டு ஒரு கொதி வரவிடுங்கள். இன்னொரு அடிகனமான வாணலியில் ஓட்ஸையும் உடைத்த பாதாமையும் வெண்ணெயில் சிறுதீயில் பத்து நிமிடம் வறுத்து, கடைசியில் நாட்டுச்சர்க்கரை தூவி, அது இளகி ஒட்டியதும் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். மைதா வேண்டாம். சாப்பிடும்போது சூடான பழத்தின்மேல் தூவிக்கொள்ளலாம். ஏர் ஃப்ரையர் இருந்தால் சின்னக் கிண்ணங்களில் 160 டிகிரியில் நேராகவே செய்யலாம். காற்று வேகமாக அடிப்பதால் மாவுத் துண்டுகளைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள்.

ஓட்ஸ் சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறார்கள். அப்படியானால் என் அப்பா இதைச் சாப்பிடலாம்தானே?
(வாசகர், சேலம்)

இல்லை, ஓட்ஸ் இருப்பதால் மட்டும் இது மருந்தாகிவிடாது. ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து இருப்பது உண்மை. ஆனால் இதில் மைதாவும் 130 கிராம் சர்க்கரையும் பழத்தின் இனிப்பும் சேர்ந்திருக்கிறது. நாட்டுச்சர்க்கரை போட்டாலும் ரத்தத்துக்கு அது சர்க்கரைதான். அப்பாவுக்கு எவ்வளவு தரலாம் என்பதை அவரைப் பார்க்கிற மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கரண்டி, கூடவே ஐஸ்கிரீம் இல்லாமல்.

இதோடு சேர்த்து இன்னொன்று: வீட்டில் யாருக்காவது கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதத்துக்கு ஒவ்வாமை இருந்தால், ஓட்ஸ் கோதுமை இல்லையே என்று நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஓட்ஸும் கோதுமையும் பல இடங்களில் ஒரே வயலில், ஒரே ஆலையில் கலந்துவிடுகின்றன. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பாக்கெட்டே வேண்டும், அதையும் சிலருக்கு உடம்பு ஏற்காது.

பழத்தை மாவால் மூடிச் சுடுகிற பை (pie) செய்ய எனக்கு வரவே வராது, மாவு விரிசல் விடும். கிரம்பிள் அதைவிட எளிதா?
(வாசகி, தஞ்சாவூர்)

ரொம்ப எளிது. மாவு தேய்க்கவேண்டியதில்லை, வெண்ணெயும் குறைவாகப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இது வீட்டுக்கு வீடு பரவியதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். 1940 ஜனவரியிலேயே வெண்ணெயும் சர்க்கரையும் பன்றி இறைச்சியும் ரேஷனுக்குள் வந்துவிட்டன, ரேஷன் முழுசாக ஒழிய 1954 ஆனது. இருக்கிற கொஞ்சம் மாவு, கொஞ்சம் கொழுப்பை வைத்துப் பழத்தை மூடுகிற வழி அந்த வீடுகளுக்குத் தோதாக இருந்தது. தயங்காமல் செய்யுங்கள்.

கூட என்ன பரிமாறலாம்? மீந்ததை எப்படி வைப்பது?
(வாசகி, புதுச்சேரி)

சூட்டோடு வெனிலா ஐஸ்கிரீம் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு இளஞ்சூடான கஸ்டர்டுதான். கஸ்டர்டு பவுடரை 1837-ல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் உருவாக்கியதே, முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகத்தான். அதனால் முட்டை சேர்க்காத வீடுகளிலும் இது செல்லும். புட்டிங் மாதிரி இறுகக் காய்ச்சாதீர்கள். அரை லிட்டர் பாலுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி போட்டால் ஊற்றுகிற பதத்தில் வரும்.

மீந்தது ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் சுடவைத்தால் மேல்பகுதி நமத்துவிடும், ஓவனில் 160 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். பிசிறிய மாவை மட்டும் இரண்டு மடங்காகச் செய்து, பாதியை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மூன்று மாதம் இருக்கும். அதை இளகவிடாமல் அப்படியே பழத்தின்மேல் தூவி ஓவனுக்குள் வைத்துவிடலாம், நேரம் மட்டும் ஐந்து நிமிடம் கூடும்.