ஹெலிபோரில் புது வகை: இந்தக் குளிர்காலத்துக் கேள்விகளும் பதில்களும்

ஜனவரி கடைசியில் ஹெலிபோர் மொட்டுகள் மண்ணை விட்டுத் தலையெடுத்ததும் எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இங்கிலாந்திலும் கனடாவிலும் தோட்டம் போடும் நம்மவர்கள்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். வேறெதுவும் பூக்காத மாதத்தில், பனியில் நனைந்துகொண்டு, முகத்தைக் கவிழ்த்துப் பூக்கிற இந்தச் செடி யாரையும் பிடித்துக்கொள்ளும். என்னைப் பிடித்துக்கொண்டு இருபது வருடம் ஆகிறது. இந்த முறை வந்த கேள்விகளில், சொந்தமாகப் புது வகை உருவாக்குவது பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, என்னிடம் கறுப்பு மாதிரி அடர்ந்த ஊதாவில் ஒன்று, நல்ல மஞ்சளில் ஒன்று இருக்கின்றன. இரண்டையும் கலந்தால் என்ன நிறம் வரும்? (ஹாரோ, லண்டன்)

முதல் தலைமுறையில் பெரும்பாலும் சேறு கலந்த மாதிரி ஒரு மங்கல் ஊதாதான் வரும். புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் வருகிற ஆசை இது, எனக்கும் வந்தது. எதிரெதிரான இரண்டு அழகைச் சேர்த்தால் மூன்றாவதாக ஓர் அழகு பிறக்கும் என்று நினைக்கிறோம். செடி அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

முதலில் ஒரு குறிக்கோளை எழுதி வையுங்கள், ஒரே ஒரு வரியில். "தலை நிமிர்ந்த மஞ்சள், நடுவில் சிவப்பு வளையம்" என்பது போல. அப்புறம் அந்தக் குறிக்கோளுக்கு ஏற்கெனவே நெருங்கி வந்துவிட்ட இரண்டு செடிகளைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் வேண்டுமென்றால் மஞ்சளோடு மஞ்சள். ஒன்றில் நிறம் சுத்தம், இன்னொன்றில் பூவின் வடிவம் நல்ல வட்டம் என்றால் அந்த இரண்டும் பொருத்தமான ஜோடி. மால்வெர்ன் குன்றுப் பக்கம் இருந்த ஹெலன் பல்லார்ட் வருடக்கணக்காகச் செய்தது இதைத்தான்: ஒரு நிறத்தை எடுத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அதைச் சுத்தப்படுத்தினார். இன்று கடைகளில் நாம் வாங்கும் தெளிந்த நிறங்களுக்குப் பின்னால் அவரைப் போன்றவர்களின் பொறுமை இருக்கிறது.

உங்கள் ஊதாவையும் மஞ்சளையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை தேடுங்கள்.

கேள்வி: மகரந்தம் தடவுவதைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? போன வருடம் தூரிகையால் தடவினேன். காய் பிடித்தது. ஆனால் அது நான் செய்ததா, தேனீ செய்ததா என்று தெரியவில்லை. (பர்மிங்ஹாம்)

அந்தச் சந்தேகம் வந்ததே நல்லது. பிப்ரவரியில் வெயில் அடிக்கிற நாளில் பம்பிள்பீ ராணிகள் கிளம்பிவிடும். நாம் வீட்டுக்குள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவை தோட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் கலந்துவிட்டுப் போய்விடும்.

ஹெலிபோர் பூவைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் வேலை சுலபம். நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லிதழ், அதாவது மொட்டை மூடியிருக்கும் வெளி உறை. அதனால்தான் அது சீக்கிரம் உதிராமல், மாதக்கணக்கில் நின்று பச்சையாகிறது. அதற்கு உள்ளே வட்டமாக இருக்கிற சின்னச் சின்னக் குழல்கள்தாம் அல்லிகள், அதாவது உண்மையான இதழ்கள். அவை தேன்சுரப்பிகளாக மாறிவிட்டன. இன்னொரு விஷயம், பூ விரிகிற நேரத்திலேயே சூலகமுடி, அதாவது நடுவில் இருக்கும் பெண் பாகத்தின் நுனி, மகரந்தத்தை ஏற்கத் தயாராகிவிடும். அதே பூவின் மகரந்தப்பைகள் சில நாள் கழித்துத்தான் வெடிக்கும். இந்த இடைவெளிதான் நமக்கான நேரம்.

தாய்ச்செடியில் நன்றாகப் பருத்து, நாளை விரியும் என்று தோன்றுகிற மொட்டைப் பிடியுங்கள். புல்லிதழ்களை மெதுவாக விலக்கி, சாமணத்தால் மகரந்தத்தாள்களையும் தேன்சுரப்பிகளையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். அவ்வளவு சீக்கிரம் மகரந்தப்பை வெடிக்காதே, ஏன் கிள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் கிள்ளாமல் விடுவதில்லை. அடுத்தடுத்த நாளும் தடவப் போகிறோம். அதற்குள் சொந்த மகரந்தம் கலந்துவிட்டால் மூன்று வருட உழைப்பு சந்தேகத்தில் போய்விடும்.

தந்தைச் செடியில் விரிந்து ஓரிரு நாளான பூவில், மகரந்தப்பை வெடித்துத் தூள் தெரிகிற ஒன்றைப் பறித்து நேராகச் சூலகமுடியில் தேய்க்கலாம். தூரிகை வேண்டியதில்லை, ஒரு தூரிகையில் பத்துப் பூவின் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். தந்தை முன்னதாகப் பூத்துவிட்டால் மகரந்தப்பைகளைக் காகிதத்தில் உதிர்த்து, வீட்டுக்குள் ஒரு நாள் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு சின்ன டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சில வாரம் தாங்கும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மறுபடி தடவுங்கள்.

உடனே காம்பில் ஒரு நிற நூல் கட்டி, லேபிள் எழுதுங்கள். தாயின் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு தந்தை, தேதி. பென்சிலால் எழுதுங்கள்; மார்க்கர் மை இரண்டு வெயிலில் மறைந்துவிடும். கரும்பறவைகள் மண்ணைக் கிளறும்போது லேபிளைப் பிடுங்கி எறியும் என்பதால், அதே விவரத்தோடு இன்னொன்றைத் தொட்டிக்குள் புதைத்துவிடுங்கள். ஒரு வசந்தத்தில் நாற்பது தொட்டிகளின் லேபிள்கள் சிதறிப்போய், எது யார் பிள்ளை என்று தெரியாமல் நின்றேன். அவற்றில் ஒன்று பின்னால் அருமையாகப் பூத்தது. அதன் பெற்றோர் யாரென்று தெரியாததால் அந்தக் கலப்பைத் திரும்பச் செய்ய முடியவில்லை. இன்றைக்கும் அந்த வருத்தம் இருக்கிறது.

காய் மே கடைசியிலோ ஜூனிலோ முற்றும். வீங்கியதும் வலைத்துணிப் பை ஒன்றைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே பகலில் வெடித்துச் சிந்திவிடும். விதையின் மேல் எறும்புக்குப் பிடித்த கொழுப்புச் சதை ஒன்று இருக்கிறது. எறும்புகள் தூக்கிக்கொண்டு போய்விடும். காயை உரிக்கும்போது கையுறை கட்டாயம். அந்தச் சாறு விரலைப் பொசுக்கிவிடும்.

கேள்வி: அடுக்குப்பூ ஒன்றை ஒற்றைப்பூவோடு கலந்தேன். பூத்த பதினொரு செடியும் ஒற்றைதான். எங்கே தவறு? (ஸ்கார்பரோ, கனடா)

எங்கேயும் தவறில்லை. நீங்கள் பாதி வழி வந்திருக்கிறீர்கள்.

ஹெலிபோரில் அடுக்கு என்பது ஒடுங்கு பண்பு. முதல் தலைமுறையில் அது மறைந்து நிற்கும். அந்தப் பதினொன்றும் ஒற்றையாகத் தெரிந்தாலும் உள்ளே அடுக்கைச் சுமந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சிறந்த இரண்டை ஒன்றோடொன்று கலந்தால், பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று அடுக்காக வரும். சிறந்த ஒன்றைத் திரும்ப அடுக்குப் பெற்றோரோடு கலந்தால் பாதி வரும். ஒரு தலைமுறைக்கு மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அந்தப் பதினொன்றையும் பிடுங்கிவிடாதீர்கள்.

அடுக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் நகர மனமில்லை. கென்ட் பகுதியில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த எலிசபெத் ஸ்ட்ராங்மன் 1971-இல் மான்டிநீக்ரோவில், காட்டில் வளர்ந்த டார்குவாட்டஸ் என்ற ஹெலிபோர் இனத்தில் அடுக்காகப் பூத்த இரண்டே இரண்டு செடிகளைக் கண்டார். அவற்றுக்கு 'டைடோ', 'ஈனியஸ்' என்று பெயர். இன்று நாம் பார்க்கும் அடுக்கு ஹெலிபோர் பலவற்றின் வம்சம் அந்த மலைச்சரிவுக்குப் போகிறது. ஹாம்ப்ஷயரில் ராபின் ஒயிட் அந்த வழியில்தான் 'பார்ட்டி டிரஸ்' என்ற சின்னச் சின்ன அடுக்குப்பூக்களை உருவாக்கினார். தேன்சுரப்பிகள் இதழ்களாக மாறியதால் வந்த அழகு அது. பாதி மாறி நடுவில் கொத்தாகக் குறுகி நின்றால் அதை அனிமோன் வடிவம் என்கிறார்கள். எனக்கு அதுதான் முழு அடுக்கைவிடப் பிடிக்கும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய விதையை மார்ச்சில் விதைத்தேன். ஏழு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. ஃபிரிட்ஜிலும் வைத்துப் பார்த்தேன். (மார்க்கம், கனடா)

தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், இன்னும் வரலாம். ஹெலிபோர் விதை காயை விட்டு விழும்போது உள்ளே கரு முழுதாக வளர்ந்திருக்காது. முதலில் ஈரத்தோடு கோடைச் சூடு வேண்டும். அந்த வாரங்களில்தான் கரு வளர்கிறது. அதற்குப் பிறகு குளிர் பட்டால்தான் முளை விடும். நீங்கள் சூட்டைத் தாண்டி நேராகக் குளிருக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு தொட்டி கோடை முழுதும் ஈரமாக இருந்திருக்கிறது என்றால், அப்படியே வெளியில் பனியில் விடுங்கள்.

அடுத்த முறை விதை முற்றிய அதே வாரம் விதைத்துவிடுங்கள். மேலே ஒரு விரல் கனத்துக்குப் பொடிக்கல் பரப்பி, நிழலில் வைத்து, ஒரு நாளும் காயவிடாமல் பார்த்துக்கொண்டால், எங்கள் இங்கிலாந்துக் குளிரில் டிசம்பர், ஜனவரியிலேயே முளைவிடும். உலர்ந்த விதைதான் கிடைத்தது என்றால் ஒரு நாள் ஊறவைத்து, ஈர மணலோடு பையில் போட்டு, வீட்டுச் சூட்டில், அதாவது 20 டிகிரி வாக்கில், ஆறு முதல் பத்து வாரம் வைத்துவிட்டு அப்புறம் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். பழைய விதையைப் புதிது என்று விற்பவர்களிடம் நானும் பணத்தை விட்டிருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: எந்த மாதம் பறித்த விதை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் ரோஜாவையும் லென்டன் ரோஜாவையும் கலக்கலாமா? வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும்! (ரெடிங்)

கிறிஸ்துமஸ் ரோஜா என்பது ஆல்ப்ஸ் பக்கத்து நைகர் இனம். லென்டன் ரோஜா என்று விற்பதெல்லாம் பல இனங்கள் கலந்த தோட்டக் கலப்பினங்கள். பெயர்தான் நெருக்கம், உறவு தூரம். இந்தக் கலப்பு நடக்காது என்றே வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். பிறகு மேற்கு சசெக்ஸில் டேவிட் டிரிஸ்ட்ரம் 'வால்பர்டன்ஸ் ரோஸ்மேரி'யைக் கொண்டுவந்தார். டெவனில் ராட்னி டேவி தந்த 'அன்னாஸ் ரெட்' இன்னும் தூரம் போனது: சிவப்புப் பூ, பளிங்குக் கோடு ஓடிய இலை. தோட்ட எழுத்தாளர் அன்னா பேவர்டின் பெயர் அது.

முயன்று பாருங்கள், ஆனால் நூறு பூவுக்குத் தடவி ஒரு விதைகூட வராமல் போகலாம். வந்தாலும் இத்தகைய தூரக் கலப்பு பெரும்பாலும் மலடு. அதோடு வம்சம் நின்றுவிடும். கலந்த சுகம் வேண்டும் என்றால் நைகரைத் தாயாக வைத்து, கார்சிகாத் தீவின் ஆர்குட்டிஃபோலியஸ் என்ற இனத்தை முயலுங்கள். நைகர்கோர்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கலப்பு வீட்டிலேயே செய்யக்கூடியது. பிள்ளை மலடுதான், விதை பிடிக்காததால் பூ நீண்ட நாள் அழகாக நிற்கும்.

கேள்வி: பழைய அகராதியில் ஹெலிபோருக்குக் கடுகுரோகணி என்று போட்டிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அதேதானா? (சென்னை)

இல்லை, இல்லவே இல்லை. நம் கடைகளில் கடுகுரோகணி என்று விற்பது இமயமலை உயரத்தில் வளரும் பிக்ரோரைசா என்ற செடியின் கிழங்கு. வேறு குடும்பம், வேறு குணம். அதன் கசப்பையும் கறுத்த வேரையும் பார்த்து அந்தக் காலத்தில் ஐரோப்பிய மூலிகையின் பெயரை ஒட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஹெலிபோர் வேர் முதல் விதை வரை நஞ்சு. பெயரை நம்பி யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது.

சென்னையில் வளருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குளிர்காலம் இல்லாமல் அது பிழைக்காது. மகரந்தம் தடவும் ஆசை இருந்தால் வீட்டுச் செம்பருத்தியில் தொடங்குங்கள். அதில் காலையில் தடவலாம், மூன்று வருடம் காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி: இளம் இலையில் நரம்போடு கறுப்புக் கோடு ஓடுகிறது. பூஞ்சையா? (எடின்பரோ)

வட்டமான பழுப்புப் புள்ளி என்றால் பூஞ்சை. இலையை வெட்டி எறிந்தால் போதும். நரம்பைத் தொடர்ந்து கோடாக ஓடி, புது இலை முறுக்கிக்கொண்டு வந்தால், 'கறுப்புச் சாவு' என்று நாங்கள் சொல்லும் வைரஸாக இருக்கும். அசுவினிப் பூச்சி பரப்புகிறது. மருந்து இல்லை. எவ்வளவு பிரியமான தாய்ச்செடியாக இருந்தாலும் வேரோடு எடுத்துவிடுங்கள், மட்குக் குழியிலும் போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஒரு நல்ல செடி வந்துவிட்டது. பாட்டி பெயரை வைத்து விற்கலாமா? (மில்டன் கீன்ஸ்)

பாட்டி பெயரைத் தாராளமாக வைக்கலாம். 1959-க்குப் பிறகு பயிரிடு வகைக்கு லத்தீன் வடிவப் பெயர் கூடாது என்பது விதி. ஹெலிபோரில் வேறு யாரும் அந்தப் பெயரை வைத்திருக்கவும் கூடாது. தமிழ்ப் பெயர் ஒன்று ஹெலிபோர்ப் பெயர்ப் பட்டியலில் ஏறினால் எனக்கும் பெருமை.

ஆனால் பெயர் அந்த ஒரு செடிக்கும் அதைப் பிரித்து நட்ட துண்டுகளுக்கும்தான். அதன் விதையில் வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்காதீர்கள். அவை அதே மாதிரி பூக்காது. பிரித்து நட்டால் பெருகுவது மிக மெதுவாக நடக்கும். பெரிய பண்ணைகள் திசு வளர்ப்பில் பெருக்குகின்றன. சட்டப்படி உரிமை வேண்டுமென்றால், செடி வேறு எதையும் போல் இல்லாமல், எல்லாத் துண்டும் ஒரே மாதிரியாக, வருடா வருடம் மாறாமல் இருப்பதைக் காட்ட வேண்டும். பிரிட்டனில் அந்த உரிமை 25 வருடம். கட்டணம் உண்டு. உள்நாட்டில் விற்கத் தொடங்கி ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே ஆசையில் முதலில் விற்றுவிடாதீர்கள். நான் எதற்கும் உரிமை வாங்கியதில்லை. நண்பர்களுக்குத் துண்டு கொடுப்பதோடு சரி.

கேள்வி: அறுபது நாற்றுகள் இருக்கின்றன. இடம் இல்லை. எதை வைத்துக்கொள்வது? (ஈஸ்ட்ஹாம்)

முதல் பூவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் வருடம் நிறம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கும், அடுக்கும் குறைவாகத் தெரியலாம். இரண்டாம் வருடமும் பாருங்கள். அப்புறம் அந்த ஒரு வரிக் குறிக்கோளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நடங்கள். முந்தைய தலைமுறையைவிட அந்தக் குறிக்கோளுக்குப் பக்கத்தில் வந்தவற்றை மட்டும் நிறுத்தி வையுங்கள். அறுபதில் இரண்டோ மூன்றோ தேறும். மற்றவை அழகாக இல்லை என்று அர்த்தமில்லை. அக்கம்பக்கத்தாருக்கும் பள்ளித் தோட்டத்துக்கும் கொடுங்கள். என் தெருவில் ஒன்பது வீட்டு வாசலில் நான் கழித்த செடிகள் பூத்துக்கொண்டிருக்கின்றன.

மனசு வராமல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்ட வருடங்களில் என் பாத்தி ஓர் அங்குலம்கூட முன்னேறவில்லை. எடுத்துவிடுங்கள். நிறுத்திய மூன்றில் ஒன்றுக்கு இந்த வாரமே மொட்டு பருத்திருக்கும், சாமணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.