நிலத்தடிச் சுரங்கத்தில் குரலை ஏன் இவ்வளவு சுருக்க வேண்டும்?

தொலைபேசிக் குரலை அப்படியே சுரங்கத்திலிருந்து கம்பியில்லாமல் அனுப்பினால் என்ன, ஏன் சுருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தாத்தா கோலார் தங்கவயலில் நிலத்தடியில் வேலை பார்த்தவர். நான் சென்னையில் பேச்சுச் செயலாக்க மென்பொருள் எழுதுகிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு மிக நெருக்கமானது.

தடையாக இருப்பது பாறைதான். 100 ஓம்-மீட்டர் மின்தடைத்திறன் கொண்ட பாறையில் 1 மெகாஹெர்ட்ஸ் அலை 5 மீட்டருக்குள்ளேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸ் அலையோ அதே அளவு தேய்வதற்கு 160 மீட்டர் கடந்திருக்கும். அன்றாட வேலைக்குச் சுரங்கப் பாதை நெடுக ஓடும் கேபிள் போதும். வெடிப்பில் அது அறுந்துவிட்டால், பாறையை ஊடுருவி மேலே எட்டக்கூடியவை இந்தத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் மட்டுமே. 2006 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் சேகோ சுரங்கத்தில் 12 பேர் இறந்த பிறகு, விபத்துக்குப் பின்னும் இயங்கும் கம்பியில்லா இருவழித் தொடர்பை அந்நாடு அதே ஆண்டில் சட்டமாக்கியது.

ஆனால் இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் கிடைக்கும் அலைவரிசையின் அகலம் மிகக் குறைவு; நொடிக்குச் சில பிட்டுகளே அதில் செல்லும். தொலைபேசிக் குரல் நொடிக்கு 8000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட் என 64,000 பிட் கேட்கும். அதற்கு அங்கே இடமில்லை. மெல்ப் (MELP) என்னும் வோகோடர், அதாவது பேச்சைச் சுருக்கும் முறை, ஒலியலையை அனுப்பாமல், 22.5 மில்லிநொடிக்கு ஒருமுறை வாயறையின் வடிவத்தையும் குரலின் சுருதியையும் 54 பிட்டுகளில் விவரித்து அனுப்புகிறது. நொடிக்கு 2400 பிட் போதும்.

இதில் பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. வோகோடர் தனக்குக் கேட்பதையெல்லாம் மனிதக் குரல் என்றே நம்புகிறது. பல்லாவரத்தை அடுத்த ஒரு கல் உடைக்கும் ஆலையில் நண்பரைப் பேச வைத்துப் பதிவுசெய்து சோதித்தபோது, இயந்திரத்தின் தாளத்தையே அது சுருதியாக எடுத்துக்கொண்டது. 'எட்டுப் பேர்', 'பத்துப் பேர்' இரண்டையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. மீட்புக் குழுவுக்கு அந்த எண்ணிக்கையை விட முக்கியமான சொல் எது?

ஆகவே கோடெக்கை, அதாவது குரலைச் சுருக்கி விரிக்கும் முறையை, தேர்வதற்கு முன், தொண்டையில் ஒட்டி அதிர்வை நேரடியாக வாங்கும் மைக்கையும் இரைச்சல் நீக்கத்தையும் சரிசெய்யுங்கள் என்பேன். 2400 பிட் கிடைத்தாலும் குரலுக்கு 1200 மட்டும் ஒதுக்கி, மீதியைப் பிழைதிருத்தத்துக்குக் கொடுப்பேன். பேசுபவர் யார் என்று குரலை வைத்து அடையாளம் காண்பது கடினமாகலாம்; எத்தனை பேர், எந்தப் பக்கம் என்பது பிசகாமல் மேலே வந்து சேர வேண்டும்.