மிக்ஸிக்கு அலறும் பிள்ளை தட்டை அடித்து ரசிப்பது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். ஓரிரு சொற்கள்தான் பேசுவான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ஆனால் அவனே எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்து ரசிக்கிறான். சட்டைக் காலரைச் சப்பிச் சப்பி நைந்துபோகச் செய்கிறான். முடி வெட்ட மூன்று பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து, பள்ளி விட்டு வந்ததும் தலையைச் சுவரில் முட்டுகிறான். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகவும், இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்றும் அத்தை சொல்கிறார். இதற்கு மருந்து உண்டா, பயிற்சி உண்டா? (ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: மிக்ஸிக்கு அலறுபவன் தட்டை அடித்து ரசிக்கிறான் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி. பலர் இதை வைத்தே, ‘பார், சத்தம் அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் நடிப்பு’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மை வேறு. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை. ஏனென்றால் விரல் எப்போது, எங்கே படும் என்பது மூளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. தட்டின் சத்தமும் அப்படித்தான்: எப்போது எழும், எவ்வளவு உரக்க எழும், எப்போது நிற்கும் என்பது அவன் கையில் இருக்கிறது. மிக்ஸியோ சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழுகிறது, எப்போது நிற்கும் என்றும் தெரிவதில்லை. ஆகவே நீங்கள் குறைக்க வேண்டியது சத்தத்தின் அளவை மட்டுமல்ல, அது திடீரென்று வருவதையும்தான். கீழே சொல்லப்போகிற பெரும்பாலான வழிகள் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

இது வளர்ப்பின் கோளாறு அன்று. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர், பதினோரு குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கும் முட்டை அடிக்கும் கருவிக்கும் அவர்கள் நடுங்கியதைக் குறித்திருக்கிறார். இருந்தும் எழுபது ஆண்டுகள் கழித்து, 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான், புலன் தூண்டல்களுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஒரே குழந்தையிடம் ஒரு புலன் மிகையாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருப்பது வழக்கம். ஐம்புலன்களோடு, உடல் எந்த நிலையில் சாய்ந்திருக்கிறது என்று உள்காது வழியே அறியும் சமநிலை உணர்வையும், தசைகளும் மூட்டுகளும் தரும் அழுத்த உணர்வையும், பசி, தாகம், மூத்திர முட்டல் ஆகியவற்றை அறியும் உடலின் உள்நிலை உணர்வையும் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு முழுமையாகும்.

முதலில் தலைமுட்டலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மட்டும் காத்திருக்கக் கூடாதது. பேச்சு வராத பிள்ளையிடம் புதிதாகத் தலைமுட்டல் தோன்றினால், அதைப் புலன் பிரச்சினை என்று எழுதி ஒதுக்குவதற்கு முன் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொத்தைப் பல், காதில் சீழ், மலச்சிக்கல் ஆகிய மூன்றையும் குழந்தை மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஆட்டிசப் பிள்ளை அப்படித்தான்’ என்று வாய் திறந்து பார்க்காமலே அனுப்பப்பட்ட குழந்தைகளை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். முட்டிய பிறகு வாந்தி, வழக்கத்துக்கு மாறான உறக்கம், வலிப்பு, நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வலி இல்லை என்று தெரிந்துவிட்டால், நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிப் பத்து நாட்கள் எழுதுங்கள். நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, அவன் செய்தது, அதன்பின் நீங்கள் செய்தது ஆகிய நான்கும் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டல் இருக்கிறதா என்பதை மட்டும் தனியாகக் குறியுங்கள். பள்ளி நாட்களில் மட்டும் இருந்தால், சுவர் உங்கள் வீட்டில் இருந்தாலும் காரணம் பள்ளியில் இருக்கிறது என்று பொருள்: மணியோசை, வேனின் ஹாரன், தேய்த்து விறைப்பாக்கிய சீருடை, நாள் முழுவதும் அடக்கி வைத்த சிறுநீர் என்று ஏதேனும் ஒன்றோ பலவோ சேர்ந்து, வீட்டுக்கு வந்தபின் கொட்டப்படுகிறது. இப்படிக் கொட்டுவதை அடம் என்று கொள்ளக் கூடாது. அடம் பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்தால் அடங்கும், நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். இந்தக் கொந்தளிப்பில் எதைக் கொடுத்தாலும் பலன் இருக்காது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. சுவருக்கும் தலைக்கும் இடையில் தலையணையை வையுங்கள், விளக்கைக் குறையுங்கள், டிவியை நிறுத்துங்கள், வேடிக்கை பார்ப்பவர்களை அறையைவிட்டு அனுப்புங்கள், பேசாதீர்கள். ‘என்னடா கண்ணு, என்ன வேணும்’ என்று அன்பாகக் கேட்பதும் அந்த நிமிடத்தில் இன்னொரு சத்தமே. அடங்கியபின் தண்ணீர் கொடுங்கள், அறிவுரை வேண்டாம். அடியைப் பற்றி அத்தைக்கு ஒரு பதில்: ஏற்கெனவே தாங்க முடியாத அளவுக்குச் சுமை ஏறியிருக்கும் பிள்ளைக்கு அடி என்பது இன்னும் கொஞ்சம் வலியும் இன்னும் கொஞ்சம் சத்தமும்தான், அன்றைக்கு அவன் அடங்குவது போலத் தெரிந்தால் அது களைப்பு.

முட்டலுக்கு முன்னால் ஓர் இருபது நிமிடம் கிடைக்குமென்றால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேனைவிட்டு இறங்கியதும் கழிவறை, பிறகு தண்ணீர், பிறகு தூளி. ஆம், பழைய நூல் சேலையில் கட்டுகிற அதே தூளிதான். பயிற்சி மையங்களில் இழுத்தால் நீளும் துணியில் தொங்கவிடும் ஊஞ்சலுக்கும் இதற்கும் வேலையில் பெரிய வேறுபாடு இல்லை: துணி உடலை நாற்புறமும் இறுக்கமாகத் தழுவுவதால் தசைகளுக்கு அழுத்தமும், ஒரே திசையில் மெல்ல ஆடுவதால் உள்காதுக்குச் சீரான அசைவும் கிடைக்கின்றன. நேராகவும் மெதுவாகவும் ஆட்ட வேண்டும். சுற்றிவிட்டால் அமைதி வராது, உசுப்பேறும். கொக்கி ஒரு பெரியவரின் எடையைத் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டென்பதால் ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது. முகம் வெளிறினாலோ குமட்டினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். தூளி பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பாதி வாளித் தண்ணீரைத் தூக்கிச் சென்று செடிக்கு ஊற்றுவது, சப்பாத்தி மாவைப் பிசைவது, துவைக்க வேண்டிய துணிக்கூடையைத் தள்ளிக்கொண்டு போவது போன்ற கனமான வேலைகள் அதே அழுத்தத்தைத் தரும்.

மிக்ஸிக்கு வருகிறேன். சட்னி அரைப்பதை அவன் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். அடியில் ரப்பர் விரிப்புப் போட்டால் மேடை அதிர்வது குறையும். ஆனால் ஒளித்து வைப்பது மட்டும் தீர்வாகாது. அவன் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு மாலையில், காலி ஜாரை மாட்டி, நீங்கள் மூடியைப் பிடித்துக்கொண்டு, சுவரிலுள்ள சுவிட்சை அவனையே போடச் சொல்லுங்கள், ஈரமில்லாத கையால். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணி, போட்ட மறுகணமே அவனே நிறுத்தட்டும். முதல் நாள் அவன் சுவிட்சைத் தொடாமல் வாசலில் நின்று பார்த்தாலும் அது வெற்றிதான். அவன் நிறுத்துவதுதான் பாடம், போடுவது அன்று. பிறகு அன்றாடம் அரைக்கும்போதும் எண்ணிவிட்டே போடுங்கள். வீட்டில் யாரும் இதை மீறக் கூடாது. கட்டுமானத் தொழிலாளர்கள் அணியும் ஹெட்ஃபோன் போன்ற காதுமூடி திருமண மண்டபத்துக்கும் திருவிழாவுக்கும் மிகவும் உதவும், ஆனால் நாள் முழுவதும் மாட்டிவிட்டால் காது அமைதிக்கே பழகி, சாதாரண ஒலியும் உறுத்தத் தொடங்கும். தீபாவளியன்று தமிழகத்தில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் மட்டுமே வெடிக்க அனுமதி என்பது நம் தெருக்களுக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம். அந்த நேரத்துக்கு முன்பே காதுமூடியை மாட்டி, தெருப்பக்கமில்லாத அறையில் மின்விசிறியை ஓடவிட்டு இருத்துங்கள்.

முடி வெட்டுவதில், எது அவனைத் துன்புறுத்துகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு சிறுவனுக்குக் கத்தரிக்கோல் பயம் என்று ஓராண்டு நம்பியிருந்தோம். ஒரு நாள் தண்ணீர்ப் புட்டியைக் கடைக்காரர் எடுக்க மறந்துவிட, அன்று பாதி முடியை அழாமல் வெட்டிக்கொண்டான். பிடரியில் பீச்சிய குளிர்ந்த நீர்தான் அதுவரை அவனைக் கலங்கடித்திருந்தது. உங்கள் மகனுக்கு அது டிரிம்மரின் அதிர்வாகவோ, கழுத்தை இறுக்கும் துணியாகவோ, முதுகில் விழுந்து குத்தும் துண்டு முடியாகவோ இருக்கலாம். ஆளில்லாத நண்பகலில் கடைக்குப் போங்கள் அல்லது வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தொடங்குமுன் உள்ளங்கையால் உச்சந்தலையை நன்றாக அழுத்திவிடுங்கள். மெல்ல வருடுவது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருப்பதைவிட எரிச்சலாக இருப்பதே அதிகம். பத்து வெட்டு என்று சொன்னால் பத்தாவதோடு நிறுத்திவிட வேண்டும், ஒரு பக்கம் நீளமாக இருந்தாலும். பதினோராவது வெட்டு வெட்டினால், அடுத்த மாதம் நீங்கள் எண்ணுவதை அவன் நம்ப மாட்டான்.

காலர் சப்புவது ஒரு புலனுணர்வைத் தேடுவது, மிக்ஸியைப் போலத் தவிர்ப்பது அன்று. வாய் அழுத்தம் கேட்கிறது. கேரட், தட்டை, முறுக்கு, கரும்புத் துண்டு என்று கடிக்க வேண்டியவற்றை உட்கார வைத்து, கண்ணெதிரே கொடுங்கள். பள்ளிக்கு மெல்லுவதற்கென்றே விற்கும் சிலிகான் பதக்கம் போதும். மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் தின்கிறான் என்றால் இரும்புச் சத்தையும் ஈயத்தையும் பார்க்க ரத்தப் பரிசோதனை தேவை.

மருந்து பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புலன் மிகையுணர்வுக்கென்று மருந்து இல்லை. ரிஸ்பெரிடோன் என்ற மருந்து, ஆட்டிசக் குழந்தைகளின் கடும் எரிச்சலுக்கும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதற்கும் 2006இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. பசியையும் எடையையும் ஏற்றும் என்பதால், மேலே சொன்னவை எல்லாம் முயன்ற பிறகும் காயம் படும் அளவுக்கு முட்டல் நீடித்தால் மட்டும், மனநல அல்லது நரம்பியல் மருத்துவரோடு பேச வேண்டிய ஒன்று அது. பயிற்சியைப் பொறுத்தவரை, இதே துறையில் இருந்துகொண்டே ஓர் உண்மையைச் சொல்கிறேன். 2022இல் வெளியான பெரிய பிரிட்டன் ஆய்வு ஒன்றில், ஊஞ்சல், அழுத்தம் போன்றவற்றால் புலன்களைப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தரவில்லை; கனமான போர்வை உறக்கத்தைக் கூட்டவில்லை என்று 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது, குழந்தைகளுக்கு அது பிடித்திருந்தது என்பது வேறு. ஆகவே, ‘புலன்களைச் சரிசெய்துவிடுவோம்’ என்று ஓராண்டுக்கான கட்டணத்தை முன்கூட்டிக் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள். ‘மூன்று மாதத்தில் சண்டையில்லாமல் முடி வெட்டிக்கொள்ள வேண்டும்’ என்பது போன்ற ஓர் இலக்கை எழுதித் தருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டே (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) உங்களுக்கு வேண்டியவர். செலவு தடையாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் டிஇஐசி எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள்.

பள்ளியில் இரண்டே வேண்டுகோள்கள் வையுங்கள்: மணிக்கு அருகில் அவனை உட்கார வைக்க வேண்டாம், இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை கேட்காமலே கழிவறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆட்டிசத்தை உள்ளடக்கிய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய ஏற்பாடுகளைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. எனினும் முதல் சந்திப்பிலேயே சட்டத்தை எடுக்காமல் நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். மருத்துவரும் நோட்டும் இந்த வாரம், மாலைத் தூளி அடுத்த வாரம், அதை ஆட்டும் பொறுப்பை அத்தையிடம் கொடுங்கள், அவருக்குத்தான் உங்களைவிட நன்றாக ஆட்டத் தெரிந்திருக்கும். மிக்ஸி அதற்குப் பின். முடியை இன்னும் இரண்டு மாதம் தொட வேண்டாம். அதுவரை காதை மறைத்து வளர்ந்தாலும் வளரட்டும்.