ஃபெர்மா டெஸ்ட்ல தப்பிச்ச 4294967297

கேள்வி: பகா எண் கண்டுபிடிக்க சின்னதா ஒரு புரோகிராம் எழுதினேன் சார். 2-ஐ வச்சு ஃபெர்மா டெஸ்ட் மட்டும்தான் போட்டிருக்கேன், அதாவது 2-க்கு எண்ணை விட ஒண்ணு கம்மியா அடுக்கு போட்டு, அந்த எண்ணால வகுத்து மீதி 1 வந்தா பகா எண்ணுன்னு காட்டும். 4294967297 குடுத்தா பகா எண்ணுன்னு வருது, என் தம்பி 641-ஆல வகுத்து மீதியே இல்லன்னு காட்டுறான். எங்க தப்பு? இந்த எண் எந்த வகைல சேரும்?
- கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: தம்பி சொல்றதுதான் சரிம்மா. 641-ஐ 6700417-ஆல பெருக்கினா அதே 429 கோடி சொச்சம் வரும், ரெண்டுமே பகா எண்கள், அதனால இது பகு எண்தான். உங்க கோடிங்ல தப்பு இல்ல, இந்த எண்ணோட அமைப்பு அந்த டெஸ்ட்டுக்கு மட்டும் பிடிபடாது.

எப்படின்னு பாருங்க. இது 2 பவர் 32 கூட 1. அப்ப இந்த எண்ணால வகுக்கும்போது 2 பவர் 32-க்கு மீதி மைனஸ் 1, அத ஸ்கொயர் பண்ணா 2 பவர் 64-க்கு மீதி 1. டெஸ்ட்ல நீங்க 2-க்கு போடுற அடுக்கு எண்ணை விட ஒண்ணு கம்மி, அதாவது 4294967296, அது 64-ஓட மடங்கு, அதனால கடைசில மீதி 1 வந்தே தீரும். இந்த மாதிரி எண்ணத்தான் போலிப் பகா எண்ணுன்னு சொல்றாங்க.

இந்த டெஸ்ட்டோட பேருக்குக் காரணமான கணித மேதை ஃபெர்மாவே இந்த எண்ணுல ஏமாந்தார். 2-க்கு 1, 2, 4, 8, 16ன்னு அடுக்கு போட்டு 1 கூட்டினா வர்ற 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண், இந்த வரிசைல அடுத்து வர்றதும் அப்படித்தான்னு 1640 வாக்குல நம்பினார். 1729-ல கோல்ட்பாக்ங்கற கணித அறிஞர் ஆய்லர்ங்கற இன்னொரு கணித அறிஞருக்கு எழுதின கடிதத்துல இத பத்தி கேக்க, 1732-ல ஆய்லர் 641-ஐ கண்டுபிடிச்சு அந்த நம்பிக்கைய உடைச்சார். இதோட பகாக் காரணி எதுவா இருந்தாலும் 64-ஓட மடங்கு கூட 1ங்கற வடிவத்துலதான் இருக்கணும், அந்த விதியையும் பின்னாடி அவரே நிரூபிச்சார். அந்த வடிவத்துல வர்ற பகா எண்கள் 193, 257, 449, 577, 641... அஞ்சாவதுலயே மாட்டிக்குது, எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இது!

மத்தபடி அந்த வரிசைல வர்றதால இது ஃபெர்மா எண், ரெண்டே பகாக் காரணி, எந்தக் காரணியும் ரெண்டு தடவ வரல. தன்னைத் தவிர மத்த வகுத்திகள கூட்டினா 6701059 தான், அது இந்த எண்ணை விட கம்மி, அதனால குறை எண்.

வரிசைய 3-ஐ 0-ஆவதுன்னு வச்சு எண்ணினா இது 5-ஆவது. 5-ல இருந்து 32 வரைக்கும் எல்லாமே பகு எண்ணுன்னு தெரிஞ்சாச்சு. 258 கோடிக்கு மேல இலக்கம் இருக்குற 33-ஆவது எண் பகாவா பகுவான்னு இன்னும் யாருக்கும் தெரியல.

உங்க புரோகிராம்ல 2-க்கு பதிலா 3 போடுங்க, மீதி 1 வராது, உடனே பிடிபடும். நடுவுல பெருக்கும்போது சைன்ட் 64 பிட் (மைனஸ் எண்ணும் வைக்கிற 64 பிட் வகை) பத்தாது, அத மட்டும் பாத்துக்கோங்க.