தருமபுரியிலிருந்து கேரவனில் கன்னியாகுமரி: இரவு எங்கே நிறுத்துவது?

கேள்வி: அரையாண்டு லீவுக்கு வாடகை கேரவன் எடுத்து, அப்பா அம்மா, பிள்ளைகளோடு தருமபுரியிலிருந்து கன்னியாகுமரி போகிறோம். நானேதான் ஓட்டுகிறேன். விடிகாலை கிளம்பினால் ஒரே நாளில் சேர்ந்துவிடலாம் என்று மேப் காட்டுகிறது. போகலாமா? வழியில் தங்குவதென்றால் எங்கே?

ஒரே நாளில் வேண்டாம். மேப் காட்டுவது கார் போகிற நேரம். சுமார் 550 கிலோமீட்டர், பெரியவர்களும் பிள்ளைகளும் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தியே ஆகவேண்டும், சாப்பாடு வேறு, டோல்கேட் வேறு, கடைசியில் பழகாத வண்டியை இருட்டில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். முதலில் ராத்தங்கலை முடிவு பண்ணுங்கள். மதுரை சரியாக வரும்: இங்கிருந்து ஏறக்குறைய 300, அங்கிருந்து குமரி 250க்குள். இடையில் நாமக்கல்லில் டிபன், திண்டுக்கல்லில் சாப்பாடு, போதும்.

தொப்பூர் கணவாய் உங்களுக்குப் புதிதில்லை, ஆனால் கேரவனில் புதிதுதான். கிளம்பி அரை மணி நேரத்தில், பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று கால் பழகுவதற்குள் இறக்கம் வந்துவிடும். இறங்குவதற்கு முன்னாலேயே இரண்டாவது, மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு லாரிக்காரர்கள் படுகிற பாடு ஊருக்கே தெரியும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், கியர்தான் வண்டியைப் பிடிக்கவேண்டும், வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். தண்ணீர் டேங்கையும் வீட்டிலேயே ரொப்ப வேண்டாம். 200 லிட்டர் என்றால் 200 கிலோ, அதை எதற்குக் கணவாயில் சுமக்கவேண்டும்? அப்புறம், டிசம்பரில் காலைப் பனிமூட்டம் இருக்கும், நன்றாக விடிந்தபிறகே கிளம்புங்கள்.

மதுரையில் கோயில் பக்கம் வண்டியைக் கொண்டுபோகவே கூடாது. ரிங் ரோட்டை ஒட்டி நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள். லாட்ஜைவிட நான் கல்யாண மண்டபத்தைத்தான் சொல்வேன், அகலமான கேட், பெரிய வளாகம், தண்ணீர், கழிவறை எல்லாம் இருக்கும். நீங்கள் போவது மார்கழியில், முகூர்த்தம் கிடையாது, மேனேஜரிடம் பேசினால் ஒரு ராத்திரிக்கு விடுவார்கள். போனிலேயே மூன்று விஷயம் கேளுங்கள்: வாசல் வளைவின் உயரம் என்ன, 15 ஆம்பியர் பிளக் உண்டா (இல்லாவிட்டால் ஏசி ஓடாது), டாய்லெட் டேங்கை அவர்கள் கழிவறையில் காலி செய்யலாமா. மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலர் மறுநாள் வாய்க்கால் ஓரமாகத் திறந்துவிடுகிறார்கள், அசிங்கம். பகலில் பங்க், ஓட்டல் கழிவறையே போதும், வண்டிக்குள் இருப்பதை ராத்திரிக்கும் அப்பா அம்மா அவசரத்துக்கும் வையுங்கள்.

உங்கள் வண்டியின் உயரம் மேப்புக்குத் தெரியாது. கூரையில் இருக்கும் ஏசியையும் சேர்த்து அளந்து, எண்ணை டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். நாலுவழிச் சாலையில் பிரச்சினை இல்லை, குறுக்குவழி என்று அது ஊருக்குள் திருப்பும்போதுதான் ரயில்வே கீழ்ப்பாலத்தில் மாட்டுவீர்கள்.

குமரியில் அது ஐயப்ப சீசன், பார்க்கிங்குக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மழையும் சேர்ந்த மாதம், 2023 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம் எப்படி வந்தது என்று பார்த்தோம். வாடகை பேசும்போதே ஒரு நாள் கூடுதலாகப் பேசிக்கொள்ளுங்கள். எச்சரிக்கை வந்தால் மதுரையை விட்டு நகராதீர்கள்.