சாட்சிக்கு இரண்டு பேர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். மேல்தளத்தில் இரண்டு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். தோழிகள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்கள். தாங்கள் இணையராக வாழ்வதைப் போன மாதம் அவர்களில் ஒருவர் என்னிடம் மட்டும் சொன்னார். எனக்கோ என் கணவருக்கோ இதில் எந்தச் சங்கடமும் இல்லை. ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் போதுமா என்று இருக்கிறது. ஊர்வலத்துக்கெல்லாம் போகிற ஆள் இல்லை நான். அன்றாடத்தில் உருப்படியாக என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள வாசகிக்கு,

"என்னிடம் மட்டும் சொன்னார்" என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே கணவர் வந்துவிடுகிறார். முதலில் அந்தப் பெண்ணிடம் போய், "என் வீட்டுக்காரருக்கும் தெரியும், அதைத் தாண்டிப் போகாது" என்று சொல்லிவிடுங்கள். யார் யாருக்குத் தெரியும் என்ற கணக்கு அவர்கள் கையில் இருக்கவேண்டும். பரிந்து பேசப்போய்ச் சேதி கசிவதுதான் அதிகம். "நல்ல பொண்ணுங்க, அப்படி இருந்தா என்ன?" என்று அசோசியேஷன் செயலாளரிடம் நீங்கள் கேட்டால், சாயங்காலத்துக்குள் வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் காரணம் சொல்லாமலே காலி செய்யச் சொல்லலாம். வாடகை வீட்டில் பாகுபாடு கூடாது என்று திருநர்களுக்காவது 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

லிஃப்ட்டில் யாராவது "எப்பக் கல்யாணமாம்?" என்று கேட்டால், "அவங்க விஷயம், நமக்கெதுக்கு?" என்பதோடு முடித்துக்கொள்ளுங்கள். உதவுவதாக நினைத்து மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கதை கட்டவேண்டாம். அந்தக் கதையைப் பிறகு காப்பாற்ற வேண்டியது அவர்கள்தான்.

நீங்கள் உண்மையில் பயன்படுவது காகித விஷயத்தில். 2018 செப்டம்பர் 6 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு தன்பாலின உறவு குற்றமில்லை என்றானது. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று திருமண உரிமை தர அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆக, சட்டத்தின் கண்ணில் அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியர். உங்களுக்குத் தாலியோடு சும்மா வந்தவற்றை அவர்கள் ஒவ்வொன்றாக எழுதிவைத்துத்தான் பெறவேண்டும். எழுதினால் சாட்சி வேண்டும்.

முதலில் உயில். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவரே சாட்சியாக இருந்தால் பின்னால் சிக்கல் வரலாம் என்பதால், இவர்கள் ஒருவர் உயிலுக்கு மற்றவர் சாட்சி போடாமலிருப்பதே நல்லது. இங்கேதான் நீங்களும் உங்கள் கணவரும் வருகிறீர்கள். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பிறந்த வீட்டார் வழக்குப் போட வாய்ப்புள்ள இடத்தில் செய்துவிடுவதே நல்லது. அப்படி வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்லவேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் சம்மதிக்கிறீர்கள்.

"நாமினி போட்டாச்சே, உயில் எதுக்கு?" என்று அவர்களே கேட்கக்கூடும். தன்பாலின இணையர் கூட்டு வங்கிக்கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28 அன்று நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. நல்லதுதான். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர், அவ்வளவே. வாரிசுகள் பின்னாலேயே வந்து கேட்கலாம். ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால்தான் பணம் அவர்களுக்கே சொந்தம் என்பது 2015 திருத்தம். இணையர் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே கணக்கு, பாலிசி எல்லாம் உயிலில் எண்ணோடு வரவேண்டும்.

மருத்துவமனையில் நினைவோடு இருக்கும் வயதுவந்தவர் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்திடலாம். நினைவில்லாதபோதுதான் சிக்கல். பதற்றத்தில் பக்கத்து வீட்டார் முதலில் செய்கிற காரியம் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவைக் கூப்பிடுவது. அவர்கள் வந்து இறங்கியதும் கூடவே வாழ்ந்தவள் வெளியே பெஞ்சில் உட்காரவேண்டியதாகிவிடும். யாரைக் கூப்பிடவேண்டும், யாரைக் கூப்பிடக்கூடாது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனநலச் சிகிச்சைக்கென்றால் 2017 சட்டப்படி, தன் சார்பில் பேசுபவராக யாரையும் வெள்ளைத்தாளில் எழுதி நியமிக்கலாம். ரத்த உறவாக இருக்கவேண்டியதில்லை.

வீட்டார் வந்து ஒருவரை வலுக்கட்டாயமாக இழுத்துப் போனால், சமாதானம் பேச இறங்காதீர்கள். 112க்கு அழையுங்கள். வண்டி எண், நேரம், "வரமாட்டேன்" என்று அவர் சொன்னது ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள். பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடும்போது உங்கள் வார்த்தைக்கு எடை உண்டு. "பொண்ணைக் காணோம்" என்று புகார் வந்தால், சம்மதத்தோடு வாழும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்ததும் வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடித்துவிட வேண்டும், துன்புறுத்தக்கூடாது என்பது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று போட்ட உத்தரவு. 2025 மே மாதம் பெற்றோர் பிடியிலிருந்த ஒரு பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் அதே உயர் நீதிமன்றம் சொன்னது. "டாக்டர்கிட்ட காட்டி மாத்திடலாம்" என்று வருகிறவர்களிடம், அப்படி மாற்ற முயலும் மருத்துவர்மேல் தொழில் நடத்தை மீறல் என்று நடவடிக்கை எடுக்கலாம் என்பதைச் சொல்லுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது அது.

இதில் எதையும் நீங்களாக ஆரம்பிக்கவேண்டாம். "சாட்சிக்கு ஆள் வேணும்னா நாங்க ரெண்டு பேர் இருக்கோம்" என்று ஒருமுறை சொல்லிவையுங்கள். கூப்பிட்டால், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஆதாரின் அசலையும் எடுத்துப் போங்கள். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.